பேக்ரவுண்ட் மங்கணும்னா சுவரை விட்டு முன்னாடி வாங்க!

கேமரா பத்தின வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): என்கிட்ட கேமராவோட சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ் தான் சார் இருக்கு. பையனை போட்டோ எடுத்தா பின்னாடி சுவர்ல இருக்கிற காலண்டர் தேதி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது. எஃப் நம்பர் கம்மியா இருந்தா மங்கும்னாங்க, சரின்னு 18ல வச்சு எஃப் 3.5ல எடுத்தேன், ஒண்ணும் நடக்கல. கடையில ஃபுல் ஃபிரேம், அதாவது படம் பதியுற சென்சார் பெருசா இருக்கிற கேமரா வாங்குங்கன்றாங்க. வாங்கணுமா?

பதில்: வேண்டாம்மா, இப்போதைக்கு காசை எடுக்காதீங்க. எஃப் நம்பர்ங்கிறது ஒரு வகுத்தல் கணக்கு தான், ஃபோகல் லெங்த்தை (லென்ஸ்ல 18, 55ன்னு போட்டிருக்கிற எம்எம் நம்பரை) அந்த நம்பரால வகுத்தா லென்ஸ் எவ்ளோ அகலமா திறந்திருக்குன்னு தெரிஞ்சிடும். 18ஐ 3.5ஆல வகுங்க, 5 எம்எம் தான் வரும். அதே லென்ஸை 55க்கு ஜூம் பண்ணா நம்பர் 5.6ன்னு ஏறிடும், அதைப் பார்த்து நிறைய பேரு பயந்து திரும்ப 18க்கே போயிடுறாங்க, ஆனா 55ஐ 5.6ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10 எம்எம், அதாவது நம்பர் ஏறினாலும் திறப்பு ரெண்டு மடங்காயிடுச்சு. மங்கலை முடிவு பண்றது இந்தத் திறப்பு தான்.

இன்னொரு விஷயம் தூரம். என்னைக் கேட்டா லென்ஸை விட இதைத் தான் முதல்ல சொல்லுவேன். ரொம்ப தொலைவுல இருக்கிற ஒரு லைட் புள்ளி படத்துல வட்டமா விரியும் இல்லையா, அதைப் பையன் முகம் நிஜத்துல எவ்ளோ பெருசோ அந்தக் கணக்குல அளந்தா சரியா அந்தத் திறப்போட அகலம் தான் இருக்கும், அதுக்கு மேல போகாது. பின்னாடி இருக்கிறது பையனுக்குக் கிட்ட வர வர வட்டமும் சுருங்கிக்கிட்டே வரும். பையன் உங்ககிட்ட இருந்து 2 மீட்டர்ல நிக்கிறான், சுவர் அவனுக்கு அரை மீட்டர் பின்னாடி இருக்குன்னா 55ல எடுத்தாலும் 2 எம்எம் தான் விரியும், அப்புறம் தேதி தெரியாம என்ன செய்யும்! அவனை முன்னாடி கூட்டிட்டு வந்து சுவர் 4 மீட்டர் பின்னாடி இருக்கிற மாதிரி நிக்க வச்சு, நீங்களும் அதே 2 மீட்டர்ல இருந்து எடுத்தா அதே கிட் லென்ஸ்ல சுமார் ஆறரை எம்எம் விரியும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸோட திறப்பு 28 எம்எம், அதாவது நம்ம பத்து ரூபா நாணயத்தை விட கொஞ்சம் பெருசு, ஆனா அதையே வாங்கிட்டு வந்து பையனை பழையபடி சுவர்கிட்டயே நிக்க வச்சா 6 எம்எம்முக்கும் கம்மியா தான் வரும். அதனால வாசல்ல உக்கார வைங்க, பின்னாடி முழுத் தெருவும் இருக்கட்டும், நீங்க 55ல வச்சுக்கிட்டு எவ்ளோ கிட்ட போக முடியுமோ போங்க. டயலை ஏவி, இல்ல ஏ மோடுல (திறப்பை நீங்க முடிவு பண்ணா மத்ததை கேமரா பார்த்துக்கிற மோடு) வச்சு எஃப் நம்பரை அதுக்கு மேல இறங்காத அளவுக்கு இறக்கிடுங்க, போதும்.

கேள்வி (கோவை வாசகர்): 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினேன். மங்கல் சூப்பரா வருது, ஆனா அக்காவையும் மாமாவையும் சேர்த்து எடுத்தா ஒருத்தர் ஷார்ப்பா இருக்காங்க, இன்னொருத்தர் மங்கிடுறாங்க. லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸ் நல்லா தான் இருக்கு தம்பி. ஃபுல் ஃபிரேம் இல்லாத சின்ன சென்சார் கேமராவுல 2 மீட்டர் தூரத்துல எஃப் 1.8ல ஷார்ப்பா இருக்கிற ஆழம் மொத்தமே சுமார் 11 சென்டிமீட்டர் தான், 1 மீட்டருக்குப் போனா 3 சென்டிமீட்டர் கூட இருக்காது, ஒரு கண்ணு ஷார்ப்பா இருந்து காது மங்குறதெல்லாம் அதனால தான். மாமா தோள் அக்காவுக்கு ஒரு ஜாண் பின்னாடி போனாலே முடிஞ்சுது. ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல நிக்க வச்சு எஃப் 4 வைங்க, ரெண்டு மடங்குக்கு மேல ஆழம் கிடைக்கும், பின்னாடி இடம் இருந்தா மங்கலும் போகாது. தனி ஆளுன்னா எஃப் 2.8 அழகா இருக்கும். ஃபோகஸ் பாயிண்டை ஒண்ணே ஒண்ணா வச்சு கேமராவுக்கு கிட்ட இருக்கிற கண்ணு மேல வைங்க, கேமராவே தேர்ந்தெடுக்கட்டும்னு விட்டா அது பல நேரம் மூக்கையோ சட்டைக் காலரையோ பிடிச்சிடும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): மத்தியான வெயில்ல எஃப் 1.8 வச்சா படமே வெளுத்துப் போகுதே?

பதில்: நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டுற உணர்திறன்) 100ல எஃப் 1.8க்கு ஒரு செகண்டுல 8000ல ஒரு பங்கு ஷட்டர் ஸ்பீடு வேணும், ஆரம்ப விலை கேமரா பலதும் 4000ல ஒண்ணோட நின்னுடும். நிழலுக்கு கூட்டிட்டுப் போங்க, முகத்துக்கும் அது தான் நல்லது. இல்லன்னா லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போடுங்க.

கேள்வி (திருவண்ணாமலை வாசகி): தீப வெளிச்சம் பின்னாடி வட்ட வட்டமா வரணும், எனக்கு மூலை மூலையா வருது.

பதில்: லென்ஸ் உள்ள இருக்கிற பிளேடுங்க சேர்ந்து என்ன வடிவத்துல திறக்குதோ வெளிச்சமும் அந்த வடிவம் தாம்மா. கேனனோட பழைய 50 எம்எம் எஃப் 1.8 இரண்டாவது மாடல்ல 5 பிளேடு தான், எஃப் 2.8 வச்சாலே ஐங்கோணம் ஆயிடும், 2015ல வந்த எஸ்டிஎம் மாடல்ல 7 பிளேடு, அது பரவாயில்ல. எந்த லென்ஸா இருந்தாலும் முழுசா திறந்து வச்சா பிளேடு குறுக்க வராது, நடுவுல வட்டம் தான் வரும். ஓரத்துல மட்டும் கொஞ்சம் முட்டை வடிவத்துல நசுங்கும், அதனால தீப வரிசையை ஃபிரேமோட நடுப்பக்கமா வர்ற மாதிரி வச்சு எடுங்க.