நள்ளிரவில் ஜன்னலைத் திறக்க வைக்கும் மூச்சுத்திணறல்

கேள்வி: கோத்தகிரி அருகே சிறு தேயிலை விவசாயியான என் கணவருக்கு வயது 52. இரண்டு மாதங்களாகத் தோட்டத்து மேட்டில் ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. இரவு ஒரு மணிக்கு எழுந்து, பனியிலும் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுகிறார். மலைக்குளிர்தான் காரணம் என்று சொல்லி, மகனின் இன்ஹேலரையும் பக்கத்து வீட்டுக்காரரின் நீர் மாத்திரையையும் பயன்படுத்துகிறார். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். மூட்டுவலிக்கு மட்டும் தினமும் மாத்திரை போடுகிறார். வாயுத்தொல்லை, இடது கண் துடிப்பு, விரல் மரத்துப்போதல் ஆகியவையும் உண்டு. இணையத்தில் ‘இதயச் செயலிழப்பு’ பற்றிப் படித்த பிறகு, அவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தபடியே இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

பதில்: இதயச் செயலிழப்பு என்றால் இதயம் திடீரென்று நின்றுபோவது என்று பொருளல்ல, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைச் செலுத்த முடியாமல் இதயம் திணறும் நிலை அது. இணையம் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் உங்கள் தூக்கத்தைப் பறித்திருக்கிறது. அவருக்கு அந்த நோய்தான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் பரிசோதனையை நாளைக்குமேல் தள்ளிப்போடக் கூடாது.

அதற்குக் காரணம் அந்த ஜன்னல். பகலில் கால்களில் தேங்கும் நீர், படுத்தபின் மெல்ல இரத்தத்துக்குத் திரும்புகிறது; பலவீனமான இதயத்தால் அதைக் கையாள முடியாதபோது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. படுத்து ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து, உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகிறது என்பது இதன் முக்கியமான அடையாளம். ஆஸ்துமாவும் இரவில் எழுப்பும் என்றாலும், 52 வயதில் கால்வீக்கத்தோடு புதிதாக வரும் திணறலில் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். கோத்தகிரியின் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கேயே வாழ்ந்து பழகியவருக்கு அது இரண்டு மாதங்களுக்கு முன் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகாது. கண் துடிப்பையும் வாயுவையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மாத்திரைகள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் கூடும். அந்தக் காலத்தில் போய் அழுத்த மாத்திரையை நிறுத்தியது பெரிய தவறு. மூட்டுவலி மாத்திரைகளில் பல, உப்பையும் நீரையும் உடலில் தேக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அளவு தெரியாமல் விழுங்கும் இரவல் நீர் மாத்திரை, வீக்கத்தைக் குறைத்து நோயை மறைப்பதோடு, பொட்டாசியத்தையும் தாறுமாறாக்கும். மகனுக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலர் மகனுக்கு மட்டும்தான்.

ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, இரத்தசோகை, சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் முதலில் தேவைப்படும். இதயம் திணறும்போது இரத்தத்தில் கூடும் ஒரு பொருளை அளக்கும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற பரிசோதனையில் அளவு 125-க்குக் கீழே இருந்தால் இந்த நோய்க்கு வாய்ப்புக் குறைவு. முடிவைத் தெளிவாக்குவது எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கோத்தகிரியில் வசதி இல்லையென்றால் உதகைக்கோ கோவைக்கோ செல்லுங்கள். எக்கோ அறிக்கையில், ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு 55 சதவீதம் என்று இருந்தால், பாதி இதயம் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஆரோக்கியமான இதயமும் உள்ளிருக்கும் இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியேற்றுவதில்லை. 40-ம் அதற்குக் கீழும்தான் பம்பு பலவீனம். அதே சமயம், அந்த எண் சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. தசை விறைத்த இதயத்திலும் இதே திணறல் வரும்.

பம்பு பலவீனம் உறுதியானால், இன்று நான்கு வகை மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறோம். இரத்தக் குழாய் அடைப்போ வால்வுக் கோளாறோ இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. முறையாக மருந்து எடுத்து, மூச்சு வாங்காமல் மறுபடியும் மேடேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் அவருடைய எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது நீர்தான், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.

உட்கார்ந்தும் திணறல் அடங்காவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலமானாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ, விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரவையுங்கள்; வண்டியிலும் மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். நாளை போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். குளிர் என்று சொல்லி அவர் மழுப்பினால், அந்த ஜன்னலைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.