சவூதியில் தாயிஃப் போகும் அல் ஹதா மலைச்சாலையில் பபூன் குரங்குகளைப் படமெடுக்க வாழைப்பழம் கொண்டு போகலாமா?

வேண்டாம். வெள்ளிக்கிழமை லீவுக்கு ஜித்தாவிலிருந்து நண்பர்களோடு தாயிஃப் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பழத்தைக் காட்டினால் கிட்டே வரத்தான் செய்யும். ஆனால் கார் கண்ணாடி வழியாகக் கை நீட்டும் குரங்கின் படம்தான் கிடைக்கும். அதை எல்லோரும் எடுத்தாயிற்று.

போன குளிர்காலத்தில் விடிகாலையிலேயே மலையேறி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏற ஏற, இரவு தூங்கிய செங்குத்துப் பாறையிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கின. வெள்ளிப் பிடரியோடு ஒரு ஆண் சாலையோரச் சுவரில் வந்து உட்கார்ந்தது. பின்னால் அதன் பெண்கள், பழுப்பு நிறம், உருவத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஒன்று மட்டும் பின்தங்கியது. ஆண் திரும்பி முறைத்துப் புருவத்தை ஏற்றியது, வெளிறிய இமை பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான், அந்தப் பெண் ஓடிவந்து அதன் பிடரி மயிரை விலக்கி விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தது. வராமல் இருந்தால் கழுத்தில் கடித்துக் கூட்டிவந்திருக்கும். ஹமட்ரயஸ் பபூன்களின் குடும்பம் அப்படி. ஒரே ஆண், சில பெண்கள், குட்டிகள். அப்போது அவளுடைய வயிற்றடியிலிருந்து கறுப்பு முடியோடு ஒரு சின்னக் குட்டி எட்டிப் பார்த்தது. என்னிடம் இருப்பதிலேயே நல்ல படம் அதுதான். யாராவது குப்ஸ் ரொட்டியை வீசியிருந்தால் அந்த இடத்தில் அடிதடிதான் நடந்திருக்கும்.

ஆண் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நெருங்காதீர்கள், கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுவதாகவும் இருக்கலாம். வெள்ளிப் பிடரி வெயிலில் வெளுத்துவிடும், கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறையுங்கள்.

பெரிய லென்ஸ் இருப்பவன் பேசுவான் என்று யாரும் கிளம்ப வேண்டாம், என்னிடம் இருப்பது பழைய 70-300 மி.மீ. லென்ஸ். வாயில்லா ஜீவனுக்குக் கொடுப்பது புண்ணியம் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மலையில் புல், விதை, கள்ளிப்பழம் என்று தேடித் தின்னத் தெரிந்த கூட்டம், நாம் போடுவதால்தான் வண்டிகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. அபராதமும் உண்டு.

அப்புறம் ஒன்று. அந்தக் குட்டிப் படத்தை இங்குள்ள ஒரு சங்கம் ஆண்டு மலர் அட்டையில் போட்டது. என் பெயர் இல்லை. விசாரித்தால் "நெட்ல கிடைச்சது" என்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரிய ஃபைலாகவே கொடுத்திருப்பேன். இன்னும் ஆறவில்லை. நீங்கள் எடுப்பதை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் மூலையில் பெயரை எழுதிவிடுங்கள்.