போலீஸே எதிர்க்கிற சட்டம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நாங்கள் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பல வருடங்களாக இருக்கிறோம். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் துப்பாக்கி இருக்கிறது, நானும் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். மனைவி கூடவே கூடாது என்கிறாள். பையன் இரண்டாம் வகுப்பு. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று, பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் மூலையில் உட்காரப் பழக்குகிறார்கள். அதை வீட்டில் தங்கையோடு விளையாட்டாக விளையாடுகிறான். இங்கே துப்பாக்கிச் சட்டங்களை ஷெரீஃப்களே எதிர்க்கிறார்கள். போலீஸுக்குத் தெரியாததா? அவர்களே வேண்டாம் என்கிற சட்டத்தை அரசியல்வாதிகள் எதற்குப் போட வேண்டும்? துப்பாக்கி இவர்கள் ரத்தத்தில் ஊறியது, மாறாது என்று நினைக்கிறேன். நான் வாங்கலாமா? உங்கள் கருத்து என்ன?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

முதலில் பையன். அந்த விளையாட்டைத் தடுக்காதீர்கள். பயத்தைக் குழந்தைகள் அப்படித்தான் கரைத்துக்கொள்கிறார்கள். முடிந்தால் நீங்களும் அந்த மூலையில் போய் உட்காருங்கள், ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டு.

'ரத்தத்தில் ஊறியது' போன்ற வாக்கியங்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. யோசிக்கச் சோம்பல்படும்போது எழுதுவது அது.

ஆனால் 'போலீஸுக்குத் தெரியாததா' என்று கேட்டிருக்கிறீர்களே, அதை விட முடியாது. சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதே இதைப் பற்றித்தான். இத்தனை வருடம் அங்கே இருந்தும் ஷெரீஃப் யார், நகரப் போலீஸ் தலைவர் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லையே உங்களுக்கு! நகரப் போலீஸ் தலைவர் நியமிக்கப்படுபவர். ஷெரீஃப் கட்சிப் பெயரோடு நின்று, ஓட்டு வாங்கி வருகிறவர். கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, அதன் சிறையும் அவர் பொறுப்பில். அவர் ஒரு சட்டத்தை எதிர்த்துப் பேசினால் அதில் அனுபவம் பாதி, அடுத்த தேர்தல் பாதி. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. நீங்களும் ஓட்டுப் போட்டிருப்பீர்கள், பெயரைக்கூடப் பார்க்காமல்.

2012 ஜூலையில் அரோரா தியேட்டரில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். மறுவருடம் கொலராடோ மேகசீனுக்கு, அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்குகிற கூட்டுக்கு, 15 தோட்டா என்று வரம்பு வைத்தது, தனியார் விற்பனைக்கும் வாங்குபவரின் பின்னணிச் சோதனை கொண்டுவந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 62 ஷெரீஃப்களில் 55 பேர் வழக்குப் போட்டார்கள். தனிமனிதராக வேண்டுமானால் வழக்காடுங்கள், ஷெரீஃப் என்ற பதவியின் பெயரில் முடியாது என்றார் நீதிபதி மார்சியா க்ரீகர். அந்தச் சட்டங்களைப் பற்றி அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. ஏற்கனவே கையில் இருந்த பெரிய மேகசீனை வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கத்தான் கூடாது. பழையது எது, புதியது எது என்று டெபுடி, அதாவது ஷெரீஃபின் கீழ் வேலை பார்க்கிற அதிகாரி, எப்படிக் கண்டுபிடிப்பார்? சரி, அது இருக்கட்டும்.

நான் பேச விரும்புவது 2019 சட்டத்தை. 'ரெட் ஃப்ளாக்' என்கிறார்களே, ஆபத்தான நிலையில் இருப்பவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கிற சட்டம், அது. 2017 டிசம்பர் 31 அன்று டக்ளஸ் கவுண்டியில், மனநிலை குலைந்திருந்த ஒருவனின் அபார்ட்மெண்டுக்குப் போன டெபுடி ஸகாரி பாரிஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். 29 வயது. சட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அவருடைய ஷெரீஃப் டோனி ஸ்பர்லாக், குடியரசுக் கட்சிக்காரர், சொந்தக் கட்சிக்காரர்களின் வசவை வாங்கிக்கொண்டு அதற்காக நின்றார். அதே மாநிலத்தின் வெல்ட் கவுண்டி ஷெரீஃப் ஸ்டீவ் ரீம்ஸ், இதை அமல்படுத்துவதைவிட என் சிறையிலேயே நான் போய் உட்காருவேன் என்றார். இப்போது சொல்லுங்கள், இதில் எந்தப் போலீஸுக்குத் 'தெரியும்'?

இந்தச் சட்டப்படி டெபுடி யாருடைய துப்பாக்கியையும் தானாகப் பிடுங்க முடியாது. குடும்பத்தாரோ போலீஸோ, 2023 முதல் ஆசிரியர், மருத்துவர் போன்றவர்களோ, நீதிபதியிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவர் தற்காலிக ஆணை போடலாம், 14 நாளுக்குள் விசாரணை, அதில் ஆதாரம் தெளிவாக இருந்தால் 364 நாள் வரை. முடிவு எடுப்பவர் நீதிபதி. 'அமல்படுத்த மாட்டேன்' என்கிற ஷெரீஃப் உண்மையில் சொல்வது, நீதிபதி முன்னால் விஷயத்தைக் கொண்டுபோகவே மாட்டேன் என்பது. நீதிபதி வேலையையும் அவரே பார்த்துவிடுகிறார், எதிர்த்தரப்பு இல்லாமல், தீர்ப்பு எழுதாமல். எழுதாத மனுவுக்கு நம்பர் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. யாரும் போய்க் கேட்க முடியாது.

உங்கள் எல் பாசோ கவுண்டி 2019 மார்ச்சில் இந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்ட கவுண்டி. ஷெரீஃப் அலுவலகம், மிக அவசரமான நிலைமை இருந்தால் தவிர, தானாக மனுப் போடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. 2021 ஜூனில் 21 வயது ஆள் ஒருவர் வெடிகுண்டு மிரட்டலுக்காகக் கைதானார். அடுத்த பெரும் கொலையாளி நான்தான் என்று தாத்தா பாட்டியிடமே சொன்னதாக ஆவணங்களில் இருக்கிறது. சாட்சிகள் ஒத்துழைக்கவில்லை, 2022 ஜூலையில் வழக்கு கைவிடப்பட்டது. மனுவை ஷெரீஃப் தரப்பும் போடவில்லை, குடும்பமும் போடவில்லை. அந்த நவம்பரில் உங்கள் ஊர் கிளப் க்யூ இரவு விடுதியில் அதே ஆள் சுட்டு 5 பேர் செத்தார்கள். மனுப் போட்டிருந்தால் தடுத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆணை 364 நாளில் காலாவதியாகியிருக்கும், புதுப்பித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நீதிபதி அதைக் கேட்டிருப்பார்.

ஒரு பேச்சுக்காக அங்கே வந்தபோது கேஸில் ராக்கில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டெபுடி. இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். கீழ்த்தளத்தில் ஆளுயர இரும்புப் பெட்டியில் துப்பாக்கிகள். ரெட் ஃப்ளாக் சட்டம் என்றாலே முகம் சிவந்துவிடும். ஆள் இல்லாத நேரத்தில் ஒரு ஆணை போட்டு அவனுடைய சொத்தை எடுப்பது என்ன நியாயம் என்பார். மறுக்க எனக்குச் சுலபமாக வரவில்லை. இன்னொரு நாள் மாலை, வேறு ஏதோ பேச்சில், தன்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். மனைவி விட்டுப் போய், குடித்துக்கொண்டு, சாகிற பேச்சே பேசிக்கொண்டிருந்தாராம். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவர் கத்தக் கத்த எல்லாத் துப்பாக்கிகளையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு குளிர்காலம் அவை இந்தப் பெட்டியில்தான் இருந்தன. அப்போது நீதிபதியும் இல்லை, 14 நாளும் இல்லை. நான் அதைச் சுட்டியதும், அவனை எனக்குத் தெரியும் என்றார். அப்படி ஒரு நண்பன் வாய்க்காதவனுக்கு யார் வண்டி எடுத்துக்கொண்டு போவது என்று கேட்டேன். அவர் இன்னொரு பீர் எடுக்க உள்ளே போனார். நல்ல மனிதர், இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிற சட்டங்களையும் போலீஸ் தலைவர்கள் எதிர்த்திருக்கிறார்கள், அதையும் படியுங்கள். மிசூரி மாநிலத்தில் 2021இல், மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டங்களுக்கு உதவுகிற போலீஸ் துறை மீது 50,000 டாலர் வரை கேட்டு வழக்குப் போடலாம் என்று சட்டம் வந்தது. ஓஃபாலன் நகரப் போலீஸ் தலைவர் அதைக் காரணம் சொல்லி ராஜினாமா செய்தார். பின்னர் மத்திய நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 'போலீஸே சொல்கிறது' என்பவர்கள் இவரைச் சொல்லவே மாட்டார்கள்.

நகரங்கள் தனிச் சட்டம் போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொலராடோவின் போல்டர் நகரம் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குப் போட்ட தடையை, அதற்கு மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்று 2021 மார்ச் 12இல் நீதிமன்றம் தள்ளியது. பத்தே நாளில் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், ஒரு போலீஸ் அதிகாரி உட்பட. துப்பாக்கி வாங்கப்பட்டது அர்வாடா என்ற வேறு ஊரில், ஆகவே அந்தத் தடை தடுத்திருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம், நீங்கள் வாங்குவதா வேண்டாமா என்பது. அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, திருடன் கணக்கு அதில் கொஞ்சம்தான். மனைவி வேண்டாம் என்கிறார், வீட்டில் இரண்டு குழந்தைகள். இதற்கு என்னிடம் கருத்து வேறு கேட்க வேண்டுமா, தம்பி? கதவுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள்.

அப்படியும் வாங்குவேன் என்றால், மேகசீனைக் கழற்றி மாட்டுகிற சில செமி ஆட்டோமேட்டிக் (விசையை அழுத்த அழுத்தச் சுடுகிற) வகைகளுக்கு 2026 ஆகஸ்ட் முதல் பயிற்சியும் ஷெரீஃப் தருகிற தகுதி அட்டையும் வேண்டும். அட்டை வாங்கப் போகும்போது கவுண்டரில் ஒன்று விசாரியுங்கள்: 2020 முதல் இந்த அலுவலகம் எத்தனை ரெட் ஃப்ளாக் மனு போட்டிருக்கிறது? பதிலை எனக்கு எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.