லத்தீன அமெரிக்கக் குடும்பத்துப் பெண்கள் எழுதும் புத்தகங்கள் அம்மாவைக் குற்றம் சொல்வதைத் தவிர வேறு என்ன செய்கின்றன?

உங்கள் கேள்வியின் விளக்கத்தில் ஒரு வரி சுருக்கென்று தைத்தது. "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்த அம்மாவைப் பற்றி ஊரறிய எழுதிவிட்டு, அதற்கு மனக்காயம் ஆறுவது என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் குடியேறிய லத்தீன அமெரிக்கக் குடும்பங்களை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு புத்தகத்தில் மகள் அம்மாவை எதிர்த்துப் பேசும் இடம் வந்ததும் எரிச்சலாகி மூடி வைத்திருப்பீர்கள். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவின் தென்மேற்குப் பகுதியில், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழும் வட்டாரம் ஒன்றில் நான் செவிலியராகப் பல வருடங்கள் வேலை பார்த்தேன். தமிழ்ப் பெண்ணுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்க யாராவது வருவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண்களின் சார்பில் நான் பேசவில்லை. மனநல மருத்துவர் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி தன் அம்மாவுடன் வந்தாள். அம்மாவுக்கு மார்பில் கட்டி. தொலைபேசியில் பேச வேண்டிய மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வரவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாத மருத்துவர் அந்தக் குழந்தையைப் பார்த்தே பேசத் தொடங்கிவிட்டார். திசு எடுத்துச் சோதிக்க வேண்டும், புற்றுநோயாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, தள்ளிப்போடக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, இன்னொரு சோதனை இருக்கிறதாம், சீக்கிரம் வர வேண்டுமாம் என்று ஸ்பானிய மொழியில் சொன்னாள். அவ்வளவுதான். மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர்கள் கிளம்புவதற்குள் நான் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து எல்லாவற்றையும் முறையாகச் சொல்ல வைத்தேன். ஆனாலும் அந்தப் பெண் கேட்டது கேட்டதுதான்.

உடனடி ஆபத்துள்ள அவசரம் தவிர மற்ற நேரங்களில் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016 இல் அமெரிக்க மத்திய அரசின் விதியே வந்துவிட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது. மருத்துவமனை மட்டுமா? வாடகை ஒப்பந்தம், வங்கி, மின்கட்டண நோட்டீஸ், தம்பியின் பள்ளியிலிருந்து வரும் கடிதம் என்று எல்லாம் அந்த வீட்டு மூத்த பெண்ணின் கையில்தான் வந்து விழும். வெளியே குடும்பத்துக்கே வாய் அவள். வீட்டுக்குள் வந்தால் அவள் வாய் திறக்கக் கூடாது. பேசாமல் இருக்கும் பெண்தான் அழகு என்று ஒரு ஸ்பானியச் சொலவடை உண்டு. அழுக்குத் துணியை வீட்டுக்குள்தான் துவைக்க வேண்டும் என்று இன்னொன்று. இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்த பெண் தன் மனபாரத்தை யாரிடம் போய்ச் சொல்வாள்? புத்தகத்தில் சொல்கிறாள். உங்களுக்கு அது அம்மாவைக் குற்றம் சொல்வதாகத் தெரிகிறது.

என்னோடு வேலை பார்த்த தோழியும் அப்படி வளர்ந்தவர்தான். பெற்றோர் மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்துக்காரர்கள். அந்தக் குழந்தை வந்துபோன அன்று, மதியச் சாப்பாட்டின்போது, "எட்டு வயதில் நான் செய்ததும் இதுதான்" என்றார். அடுத்த வாரம் சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்' புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 1984 இல் ஹூஸ்டனில் ஒரு சிறிய பதிப்பகம் வெளியிட்டது. சிஸ்னெரோஸ் சிகாகோவில் பிறந்தவர், ஆறு சகோதரர்களோடு வளர்ந்த ஒரே பெண். லத்தீன் அமெரிக்க இலக்கியம் என்றால் தமிழில் மார்க்கேஸ், போர்ஹேஸ், நெரூடா என்றே பேசிப் பழகிய எனக்கு, நான் தினமும் பஸ்ஸில் கடக்கும் ஊரிலேயே இப்படி ஒருவர் எழுதியிருப்பது தெரியாமல் போயிருந்தது.

அதில் 44 சின்னச் சின்ன அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம்தான். அவற்றில் ஒன்றில், கதை சொல்லும் சிறுமி எஸ்பெரான்சாவின் அம்மா அடுப்படியில் நின்றபடி பேசுகிறார். அவருக்கு இரண்டு மொழி தெரியும், ஓபரா என்ற மேற்கத்திய இசைநாடகப் பாட்டுப் பாட வரும், தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுதுபார்க்க வரும். ஆனால் நகரத்தின் நடுப்பகுதிக்கு எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று தெரியாது. தான் பெரிய ஆளாக வந்திருக்கலாம் என்கிறார். பள்ளியை ஏன் விட்டேன் தெரியுமா, நல்ல உடுப்பு இல்லாத வெட்கத்தில்தான் என்று மகளிடம் சொல்கிறார். நன்றாகப் படி என்கிறார்.

இந்தப் புத்தகத்தை மெக்சிகோ எழுத்தாளர் எலேனா போனியாடோவ்ஸ்கா ஸ்பானிய மொழியில் பெயர்த்திருக்கிறார். தோழி அதைத் தன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சாப்பாட்டு மேசையில் அம்மா அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய அசைய வாசிப்பவர். அந்த அத்தியாயம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்குச் செருப்பு" என்றார். எங்கள் இருவருக்கும் புரியவில்லை. பிறகு சொன்னார். ஆறாம் வகுப்பு வரைதான் அவர் ஊரில் பள்ளி. அதற்கு மேல் படிக்க அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அங்கே போட்டுக்கொண்டு போக நல்ல செருப்பு இல்லை. வகுப்பில் முதல் மாணவி அவர்தான்.

என் தோழிக்கு அப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அதுவரை அம்மா இதைச் சொன்னதே இல்லை. புத்தகத்தை எடுத்தாலே வேலை ஏவும் அம்மாவுக்குப் படிப்பு என்றால் ஆகாது என்றே அவர் நினைத்து வளர்ந்திருந்தார். அந்த மனக்குறையைச் சுமந்துகொண்டுதான் நர்சிங் படிப்பையும் முடித்தார். அன்று சாப்பாடு ஆறிப்போகும்வரை அம்மா பள்ளிக்கூடக் கதை சொன்னார், மகள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் புத்தகங்களில் நல்லவை அம்மாவைக் கூண்டில் ஏற்றுவதில்லை. அம்மாவுக்கும் ஒரு சிறுமிப்பருவம் இருந்தது, அதில் ஒரு இழப்பு இருந்தது என்று மகளுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. இதற்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை. அம்மாவும் மகளும் அதோடு ஒத்துப்போய்விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. தோழி தனி வீடு பார்த்துப் போனபோது, கல்யாணம் ஆகாத பெண் வீட்டைவிட்டுப் போவதா என்று பெரிய சண்டை நடந்தது. சண்டையின் நடுவிலும் மகளுக்கு அம்மாவின் செருப்பு நினைவில் இருந்தது. ஆறுதல் என்று நான் கண்டது அதைத்தான்.

எரிகா சான்செஸ் 2017 இல் எழுதிய 'ஐ ஆம் நாட் யுவர் பெர்ஃபெக்ட் மெக்சிகன் டாட்டர்' நாவலும் இந்த வழியில்தான் போகிறது. இவரும் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வளர்ந்தவர். சொன்னதைக் கேட்டு நடந்த அக்கா விபத்தில் சாகிறாள். அடங்காத தங்கை ஹூலியா மிஞ்சுகிறாள். முதல் பாதியில் அம்மா சகிக்க முடியாதவராகத்தான் தெரிகிறார். பிற்பாதியில், எல்லை தாண்டி வந்தபோது அவருக்கு நேர்ந்த கொடுமை தெரியவரும்போது, முன்பு வாசித்த ஒவ்வொரு கண்டிப்பும் வேறாகத் தெரிகிறது.

தொலைக்காட்சியில் என்னைத் தொட்டது 2017 இல் தொடங்கிய 'ஒன் டே அட் எ டைம்' தொடர். லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் கியூபக் குடும்பம். ராணுவத்தில் இருந்து திரும்பிய பெனலோப்பி என்ற செவிலியர் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார். ரீட்டா மொரேனோ நடித்த பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் பெனலோப்பி எப்படிக் குலைந்துபோகிறார் என்று ஒரு முழு அத்தியாயம் காட்டுகிறது. அந்தத் தொடரைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சில செவிலியர்கள் எங்கள் மாத்திரைகளைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கினோம்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனம் கேட்கவில்லை. புறநகரில் நம்மவர்கள் கூடும் விருந்துகளில், நான் எந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் முகங்கள் மாறும். "அங்கேயா? பயமாக இல்லையா?" என்பார்கள். அப்படிக் கேட்ட ஒருவரின் வீட்டிலேயே, துப்புரவு வேலைக்கு வந்த பெண்ணின் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தங்கள் பிள்ளைகள் இரண்டு கலாசாரத்துக்கு இடையில் தவிக்கிறார்கள் என்று உருகிப் பேசுகிற அந்தப் பெற்றோருக்கு, படிக்கட்டில் இருப்பவளும் அதே தவிப்போடு, கூடவே வாடகைக் கவலையோடும் வளர்கிறாள் என்பது ஏன் தெரிவதில்லை? பட்டமும் விசாவும் கையில் பிடித்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கியதால் நாம் உயர்ந்துவிட்டோமா? இது தனிப் பதிலாகவே எழுத வேண்டிய விஷயம்.

நீங்கள் எந்தப் புத்தகத்தில் நிறுத்தினீர்கள் என்று குறிப்பிடவில்லை. சான்செஸின் நாவல் என்றால், ஹூலியா மெக்சிகோவில் பாட்டி வீட்டுக்குப் போகும் பகுதிவரை வாசியுங்கள். அதில் தற்கொலை முயற்சி வருகிறது. மனம் உடைந்திருக்கும் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுப்பதானால் பக்கத்தில் இருந்து பேசத் தயாராக இருந்து கொடுங்கள். சிஸ்னெரோஸை எந்த வயதுக்காரருக்கும் கொடுங்கள் என்று சொல்லமாட்டேன், சில அத்தியாயங்களில் வன்முறை உண்டு. பதினான்கு பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தயங்காமல் கொடுப்பேன். அவள் அம்மாவுக்கு ஸ்பானியப் பதிப்பையும் சேர்த்து வாங்குவேன்.