பாடசாலை மணி கேட்கும் தூரத்தில் வீடு வாங்கினால் போதுமா?

கேள்வி: திருகோணமலை அலஸ்தோட்டத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் தரம் 1 இல் சேர்க்க ஆசை. டவுனுக்குள் 8 பேர்ச் காணியோடு ஒரு வீடு வந்திருக்கிறது. "பாடசாலை எல்லைக்குள்தான், இடம் நிச்சயம்" என்கிறார் தரகர். விலையும் அதனால் கூடத்தான். முற்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், தங்கச்சி. உள்ளே இருந்தால் இடம், வெளியே இருந்தால் இல்லை என்று கோடு போட்ட எல்லை எதுவும் கிடையாது. கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படி புள்ளி போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஏறக்குறைய பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு. அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி இரண்டு விஷயத்தில் இருக்கிறது: தூரம், வருடம்.

தூரத்தை நீங்களே பார்க்கலாம். டவுன் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுங்கள். வீடு இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி. அதில் நூல் கட்டிப் பாடசாலை வரைக்கும் இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் மகளைத் தமிழ் மொழிமூலம் தரம் 1 இல் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை எத்தனை வருகிறதோ, அத்தனைக்கும் புள்ளி கழியும். ஆண்கள் பாடசாலையை எண்ண வேண்டாம். பாதைத் தூரமும் கணக்கில்லை, நேர்கோடுதான். பாடசாலைகள் நெருங்கிக் கிடக்கும் டவுனில் நாலு தெரு தள்ளிப் போனாலே இரண்டு மூன்று பாடசாலைகள் வட்டத்துக்குள் விழுந்துவிடும். மீற்றர் கணக்கைத் தரகர் சொல்வார், இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

அப்புறம் வருடம். உங்களுக்குச் சிக்கலே இங்கேதான். வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் கணவன், மனைவி இருவர் பெயரும் 5 வருடம் இருந்தால்தான் முழுப் புள்ளி. வீட்டு உரிமையைக் காட்டும் காணி உறுதிக்கும் அப்படித்தான், வருடம் குறையக் குறையப் புள்ளியும் குறையும். சேர்வதற்கு முந்தின வருடமே விண்ணப்பம் போய்விடும் என்பதால் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வருடம்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வாசலில் நின்றால் பாடசாலை மணி கேட்கும் வீட்டை நகை விற்று வாங்கியது. உறுதிக்கு 14 மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளையின் பெயர் பட்டியலில் வரவில்லை. அந்தத் தாய் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

நீங்கள் அதே கல்லூரியில் படித்தவரா? அப்படியானால் பழைய மாணவர் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம், அதற்கு வீடு மாற வேண்டியதில்லை.

வீடு எப்படியும் தேவை என்றால் வாங்குங்கள், ஆனால் பாடசாலைக்கென்று கூட்டிய விலையைக் கொடுக்காதீர்கள். முற்பணத்துக்கு முன் இந்த வருடச் சுற்றுநிருபத்தை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். உறுதியை நொத்தாரிசிடம் காட்டி, காணிப் பதிவகத்திலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.