ஆண் உடம்பு, பெண் உடம்பு, எக்சர்சைஸ்: கேளுங்க சொல்றேன்

14 வருஷமா பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். ஒரே மாதிரி வந்த கேள்விகள சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, வெயிட் தூக்குனா உடம்பு ஆம்பள மாதிரி ஆயிடுமா? வயசு 26.

பதில்: ஆகாதுமா. ஆம்பளைங்களுக்கு சதைய வளக்குற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் நம்மள விட பத்து மடங்குக்கு மேல இருக்கு, அவங்களே அந்த மாதிரி சதை ஏத்த வருஷக்கணக்குல படாத பாடு படுறாங்க. ஆனா பலம் நல்லாவே ஏறும், ஆரம்பிச்ச எடத்துலேர்ந்து எத்தன சதவீதம் கூடுச்சுன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆரம்பிக்கிற எடம்தான் வேற, பெண்களுக்கு கை தோள் பலம் சராசரியா ஆணோடதுல பாதிக்கு கொஞ்சம் மேல, கால்ல மூணுல ரெண்டு பங்கு. அதனால புஷ்-அப் வரலன்னு விட்டுடாத, சுவத்துல கை வச்சு ஆரம்பி.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் சேந்துதான் ஓடுறோம். அவர் பேசிக்கிட்டே வர்றாரு, எனக்கு மூச்சு வாங்குது. நான் சோம்பேறியா?

பதில்: இல்லவே இல்ல. பெண்களுக்கு இதயம் சின்னது, ரத்தத்துல ஆக்சிஜன தூக்கிட்டு போற ஹீமோகுளோபினும் கம்மி, அதனால ஒரே வேகத்துல ஓடுனாலும் உங்களுக்கு அது அதிக வேல. அவரோட வேகத்த விடுங்க, நீங்க பேச முடியுற வேகத்துல ஓடுங்க. ஆனா ஒண்ணு, முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12க்கு கீழ போனா ரத்தசோகை, ஆணுக்கு 13. என்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க, மாடிப்படில பாதில நின்னு பைக்குள்ள எதையோ தேடுற மாதிரி மூச்சு வாங்கிப்பாங்க, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. எல்லாரும் நட நடன்னு சொல்லியிருக்காங்க, டெஸ்ட் எடுத்தா 7.8! மாதாமாதம் அதிகமா ரத்தம் போயிருக்கு, ஒருத்தரும் கேக்கல. எனக்கு இன்னிக்கும் ஆறல.

கேள்வி: பொண்ணு ஃபுட்பால் ஆடுறா, 16 வயசு. டீம்ல ரெண்டு பேருக்கு முட்டி லிகமென்ட் கிழிஞ்சிடுச்சு. பயமா இருக்கு.

பதில்: ஆட்டத்த நிறுத்திடாதீங்க. குதிச்சு திரும்புற விளையாட்டுல இந்த காயம் பெண்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல வருது, உண்மைதான். இன்னிக்கே ஒண்ணு பாருங்க. சின்ன படிலேர்ந்து ரெண்டு காலையும் சேத்து குதிக்க சொல்லி எதிர்ல நின்னு முட்டிய கவனிங்க, ரெண்டும் உள்பக்கமா ஒண்ண ஒண்ணு தேடி போச்சுன்னா பின்தொடையும் இடுப்பும் பலப்படுத்தணும், மெதுவா இறங்க பழக்கணும். வார்ம்-அப்லயே 15, 20 நிமிஷம் இத சேத்தா காயம் நல்லா குறையுது. அப்பறம் பீரியட்ஸ் மூணு மாசம் வரலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஆடுற அளவுக்கு சாப்பாடு பத்தலன்னா அப்படி நிக்கும், எலும்பும் தேயும்.

கேள்வி: எனக்கு 47, ஆண். நாங்க எதுக்கு பயப்படணும்?

பதில்: வயிறு, சார். ஆண்களுக்கு கொழுப்பு வயித்துக்குள்ள குடல சுத்தி சேருது, மாரடைப்பும் பெண்கள விட சுமார் 10 வருஷம் முன்னாடியே வர ஆரம்பிக்குது. பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பாத்துடுங்க, ஒண்ணும் இல்லன்னு தள்ளாதீங்க. வீட்டுல பெண்களுக்கு மூச்சுத்திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல் திடீர்னு வந்தா அதுவும் மாரடைப்பா இருக்கலாம், கேஸ்னு உக்காந்துடாதீங்க.

கேள்வி: அம்மாக்கு 54, எலும்பு தேஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. வாக்கிங் போறாங்க, போதுமா?

பதில்: போதாது. மாதவிடாய் நின்னதும் எலும்ப காக்குற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையுது, அடுத்த 5, 7 வருஷத்துல எலும்பு 20 சதவீதம் வரைக்கும் கூட போகலாம். வாரம் ரெண்டு நாளாவது வெயிட், கூடவே பேலன்ஸ் பயிற்சி வேணும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, முன்பக்கமா குனிஞ்சு தூக்குறது வேண்டாம்.

அதே ஆள்: வெயிட்னாலே வரமாட்டேங்குறாங்க அக்கா.

பதில்: அப்போ வெயிட்னு சொல்லாதீங்க. உறுதியான நாற்காலில உக்கார வச்சு, கைய ஊனாம எந்திரிக்க சொல்லுங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. எத்தன தடவ வந்துச்சுன்னு நாளைக்கு எழுதுங்க, அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.