பிட்காயினின் சந்தை மதிப்பு தங்கத்தை எட்டிவிடும் என்கிறார்களே, வீட்டு நகையை விற்று அதில் போடலாமா?

வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். தங்கத்தை உரசிப் பார்ப்பதே பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. 2024-இல் வெள்ளியையே தாண்டியது, அடுத்து தங்கம்தான் என்று எங்கோ ஒரு சந்தை மதிப்புப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். நகையும் அநேகமாக அம்மாவுடையதாக இருக்கும்.

அப்படி ஒரு பட்டியலை 2021 நவம்பரில் ஒரு தம்பி என்னிடம் செல்போனில் காட்டினார். பிட்காயின் மாதிரியான கிரிப்டோ காயின்கள் எல்லாவற்றின் சந்தை மதிப்பும் சேர்ந்து 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டிருந்த நேரம். பிட்காயின் வாங்குவதற்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க வந்திருந்தார். "இவ்வளவு பணம் உள்ளே இருக்குண்ணா, எப்படி விழும்?" என்றார்.

அவ்வளவு பணம் உள்ளே போகவே இல்லை. சந்தை மதிப்பு என்றால், கடைசியாகக் கைமாறிய காயினின் விலையை மொத்தக் காயின்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். தெருவில் ஒரு மனை அதிக விலைக்குப் போனதும் மற்ற மனைகளுக்கும் அதே விலை போட்டுக் கூட்டுவது போல. எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்தால் அந்த விலை நிற்காது. கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி தொலைந்து யாராலும் எடுக்க முடியாத காயின்களும் அந்தக் கணக்கில் உண்டு.

தங்கத்துக்கும் அதே பெருக்கல்தானே என்று சண்டைக்கு வருவீர்கள். ஆமாம். இதுவரை வெட்டியெடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல் என்ற மதிப்பீட்டை அன்றைய விலையால் பெருக்குகிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி நகை, பெரும்பகுதி விற்பனைக்கு வரப்போவதே இல்லை. அதனால்தான் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். நான் பார்ப்பது வேறு. அவசரத்துக்குத் தங்கத்தைக் கொண்டுவந்தால் விதி அனுமதிக்கும் அளவுக்கு அன்றைக்கே கடன் கிடைக்கும். பிட்காயினைக் காட்டினால் எங்கள் கவுண்டரில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

   

அந்தத் தம்பி வாங்கியபோது 69,000 டாலரை ஒட்டியிருந்த பிட்காயின் அடுத்த நவம்பரில் 16,000 பக்கம் வந்தது. அடகு வட்டி ஏறிக்கொண்டே போனதால் விற்றார். வேறொரு காயினில் வந்த சின்ன லாபத்துக்கு 30 சதவீத வரி, இந்த நஷ்டத்தை அதில் கழிக்கவும் சட்டத்தில் இடமில்லை. அம்மா சீட்டுப் பணத்தைப் போட்டுச் சங்கிலியை மீட்டார். அது அடகு வைத்த நாளைவிடக் கூடுதல் விலைக்குப் போகும் நிலையில்தான் இருந்தது.

2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதே, பொறுத்திருந்தால் லாபம்தானே என்பீர்கள். உண்மைதான், பிட்காயின் பூஜ்யமாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பொறுத்திருக்க முடிந்தது சொந்தப் பணம் போட்டவர்களால்தான். மிச்சப் பணம் இருந்தால் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள், அது உங்கள் விருப்பம். நகையில் மட்டும் கை வைக்காதீர்கள்.